உயிர் காக்கும் உப்புநீர்

போடிநாயக்கனூருக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் மலைகளை நம்மவர் ஏலக்காயின் பெயரால் அறிவர். விடியுமுன் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு வழியாகத் தோட்ட வேலைக்குச் செல்லும் தொழிலாளரும், ஏலத்தில் காய் எடுத்து வெளியூர்களுக்கு அனுப்பும் வணிகரும், அவர்களோடு நம் ராவுத்தர் குடும்பங்களும் இம்மலைகளை நம்பியே வாழ்ந்து வந்திருக்கின்றனர். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு உரிய இடமாகக் குறிக்கப்பட்டதனால் செய்தித்தாள்களில் பெயர் அடிபட்ட பொட்டிபுரமும் இந்த அடிவாரத்துச் சிற்றூர்களுள் ஒன்றேயாகும்.

இம்மலைகளின் ஒரு மடிப்பிலேதான் குரங்கணி இருக்கிறது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மலையேற்றத்துக்கு வந்திருந்த இளைஞரும் பெண்களும் கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வருகையில் காட்டுத்தீயின் நடுவே அகப்பட்டுக் கொண்டனர். ஊராரும் வனத்துறையினரும் தீயணைப்போரும் இரவெல்லாம் தேடினர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மீட்புப் பணி மறுநாளும் தொடர்ந்தது. தீப்புண்பட்டோர் போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மலையிலேயே மாண்டவரையும், பின்னர் மருத்துவமனைகளில் மாண்டவரையும் சேர்த்து 20க்கும் மேற்பட்ட உயிர்கள் அவ்விபத்தில் பிரிந்தன.

தீயில் வெந்தவன் தோலின் புண்ணால் மட்டும் சாவதில்லை என்பதை நம்மில் பலர் அறியோம். வெப்பம் பட்டவுடன் உடம்பின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி புண்ணின் வழியே வெளியேயும், தசைகளுக்கு உள்ளேயும் வடிந்து விடுகிறது. எஞ்சிய இரத்தம் தடித்து, அழுத்தம் தாழ்ந்து, சிறுநீரகம் தன் தொழிலை நிறுத்தி விடுகிறது. ஆகவே முதல் ஒருநாளில் நோயாளியைக் காப்பது களிம்பன்று. சிரையின் வழியே செலுத்தப்படும் நீரேயாகும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்துப் பார்க்லண்ட் மருத்துவமனையில் டாக்டர் சார்லஸ் பாக்ஸ்டர் 1968இல் வகுத்துத் தந்த கணக்கு இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. நோயாளியின் எடையைக் கிலோவில் கொண்டு, அதனை வெந்த பரப்பின் சதவிகிதத்தால் பெருக்கி, மீண்டும் 4ஆல் பெருக்கினால் 24 மணி நேரத்துக்குரிய நீரின் அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடம்பில் பாதி வெந்திருந்தால், அவருக்கு ஒருநாளில் 12 லிட்டர் வேண்டும். நாம் மருத்துவமனைகளில் காணும் அரை லிட்டர் பாட்டில்களில் அது 24 பாட்டில்! அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் சென்றாக வேண்டும். அந்த 8 மணி நேரமும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதன்று. தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுவது. பாதையற்ற மலைச்சரிவில் ஓர் இரவு கழிந்தால் என்னவாகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எந்த நீரைச் செலுத்துவது? எவ்வளவு செலுத்துவது? எவ்வளவு விரைவில் செலுத்துவது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண மருத்துவ உலகம் ஏறத்தாழ 200 ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. அதனைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

சிரையின் வழி

இரத்தம் ஈரலில் உண்டாகி, உடம்பெங்கும் பாய்ந்து, ஆங்காங்கே செலவழிந்து விடுகிறது என்பதே கிரேக்க மருத்துவர் காலெனின் கொள்கை. நூற்றாண்டுகளாக அதனை மறுப்பார் இலர். டமாஸ்கஸில் கல்வி பயின்று கெய்ரோவில் மருத்துவம் புரிந்த இப்னு நபீஸ் என்னும் பேரறிஞர், இப்னு சீனாவின் மருத்துவ நூலில் உள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதுகையில், இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரலின் வழியாகவே இடப்புறம் வந்து சேர்கிறது என்று துணிந்து எழுதினார். அவர் காலமானது 1288இல். பெர்லின் நூலகத்தில் கிடந்த அவ்வுரையின் கையெழுத்துப் படியை எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி 1924இல் எடுத்துக் காட்டும் வரை மேனாட்டார் இதனை மறந்தே இருந்தனர். இரத்தம் உடல் முழுதும் சுற்றிச் சுழல்கிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவினார். சுற்றுகிறது என்றால், ஓரிடத்தில் செலுத்திய மருந்து எங்கும் சென்று சேருமன்றோ? 1656இல் ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டபர் ரென் ஒரு நாயின் சிரையில் மருந்தைச் செலுத்திப் பார்த்தார். வழி திறந்தது, ஆனால் அவ்வழியே எதனை அனுப்புவது என்பது தெரியவில்லை.

வாந்திபேதி கற்பித்த பாடம்

அதனைக் கற்பித்தது காலரா என்னும் வாந்திபேதி. 1817இல் வங்காளத்தில் மூண்டெழுந்த இக்கொள்ளைநோய் நாடு நாடாகப் பரவி 1831இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை எட்டியது. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற வில்லியம் புரூக் ஓஷானசி என்னும் அயர்லாந்து இளைஞர் அங்கே சென்று நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அப்பொழுது அவருக்கு வயது 22. இரத்தம் தன் நீரையும் உப்பையும் காரத்தையும் இழந்து நிற்கிறது என்று அவர் கண்டறிந்து எழுதினார். இழந்ததைத் திருப்பித் தருவதே மருத்துவம் என்பது அதன் பொருள்.

அதனைச் செய்து பார்த்தவர் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து மருத்துவர் தாமஸ் லட்டா. 1832ஆம் ஆண்டு மே மாதம், சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் கைச்சிரையில் உப்பும் காரமும் கலந்த நீரை அவர் சிறிது சிறிதாகச் செலுத்தினார். குழிந்த கண்கள் ஒளி பெற்றன, நாடி திரும்பிற்று, மூதாட்டி பேசினார். அரைமணி நேரத்தில் ஏறத்தாழ 3 லிட்டர் சென்றிருந்தது. உயிர் மீண்டது என்று எண்ணி லட்டா விடைபெற்றுச் சென்றார். ஆனால் பேதி நிற்கவில்லை. மீண்டும் நீர் ஏற்றுவாரும் இல்லை. சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்து போனார். ஒருமுறை கொடுத்தது போதாது, இழப்பு நிற்கும் வரை கொடுத்துக் கொண்டே இருக்க வேண்டும் என்னும் பாடம் அந்த ஓர் உயிரை விலையாகக் கொண்டு கற்ற பாடமாகும்.

லட்டா 1833இல் காலமானார். ஓஷானசி அதே ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கல்கத்தாவுக்கு வந்தார். பின்னாளில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பிகளைக் கொண்டு வந்தவரும் அவரே. உப்புநீர்ச் சிகிச்சையோ மறக்கப்பட்டது. கிருமியைப் பற்றிய அறிவு அக்காலத்தில் இல்லை. தூய்மை செய்யாத நீர் சிரையில் சென்றது. சாகப் போகிறவர்களுக்கே அது தரப்பட்டது. ஆகவே பயன் குறைவாகவே தோன்றியது.

அந்த மறதியின் விலை பெரிது. 1865ஆம் ஆண்டின் ஹஜ்ஜில் காலரா புகுந்து ஏறத்தாழ 15,000 ஹாஜிகளைக் கொண்டு போயிற்று. அடுத்த ஆண்டே இஸ்தான்புல்லில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. ஹாஜிகள் தங்க வைக்கப்பட்ட சினாய்க் கரையின் எல்தூர் நிலையத்தில் 1905இல் கண்டெடுக்கப்பட்ட கிருமிக்கு அவ்வூரின் பெயரே நிலைத்தது. 1961இல் இந்தோனேசியாவில் கிளம்பி, 1964இல் இந்தியாவை அடைந்து, உலகைச் சுற்றிய ஏழாவது கொள்ளைநோய் அந்த எல்தூர் காலராவேயாகும். நம் பகுதியிலும், 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை எழுந்த காட்டில் மலைக்காய்ச்சல் முதலான நோய்களால் தொழிலாளர் பலர் மாண்டு அங்கேயே புதைக்கப்பட்டனர். கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் பாயும் நீர் அவர்களுடைய உழைப்பின் பயன்.

உப்புநீருக்கு மறுவாழ்வு தந்த ஊர் கல்கத்தா. அங்கே மருத்துவராயிருந்த லியோனார்ட் ராஜர்ஸ் 1908ஆம் ஆண்டையொட்டிச் செறிவு மிகுந்த உப்புநீரைக் காலரா நோயாளிகளுக்கு முறையாகச் செலுத்தத் தொடங்கினார். அதற்கு முன் அம்மருத்துவமனையில் காலரா கண்டவர்களில் 100க்கு ஏறத்தாழ 60 பேர் இறந்தனர். அத்தொகை ஏறத்தாழ 30ஆகக் குறைந்தது. சோடா உப்பைச் சேர்த்துக் கொடுத்த பின்னர் மேலும் தாழ்ந்தது. ஓஷானசி குறிப்பிட்ட காரத்தின் இழப்பு 80 ஆண்டுகளுக்குப் பின் ஈடு செய்யப்பட்டது.

தெளிநீர் வகைகள்

இனி, இன்று வழங்கும் நீர் வகைகளைக் காண்போம். நம் மக்கள் பொதுவாகக் "குளுக்கோஸ் ஏற்றுவது" என்கின்றனர். உண்மையில் பாட்டிலுக்குப் பாட்டில் உள்ளிருப்பது வேறு.

முதலாவது, சலைன் எனப்படும் சாதாரண உப்புநீர். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் சமையல் உப்பு. நெதர்லாந்து அறிஞர் ஹாம்பர்கர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஆய்வுகளிலிருந்து இந்த அளவு நிலைபெற்றது. இரத்த அணுக்கள் இதில் உடையாமலிருக்கும். ஆயினும் "சாதாரணம்" என்ற பெயர் இதற்கு முழுதும் பொருந்தாது. இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 அலகு குளோரைடு உண்டு, இந்நீரிலோ 154.

இரண்டாவது, ரிங்கர் லாக்டேட். லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் 1882இல் தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்தார். பின்னர் தூய வடிநீரில் உப்பைக் கரைத்துப் பார்க்கையில் இதயம் நின்று போயிற்று. ஆராய்ந்ததில், முன்பு உதவியாளர் வடிநீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தியிருந்தது தெரிய வந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்தே இதயத்தை இயக்கியது! இவ்வாறு சோடியத்தோடு பொட்டாசியமும் கால்சியமும் சேர்ந்த ரிங்கர் நீர் பிறந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1932இல் அதனோடு லாக்டேட்டைச் சேர்த்தார். உடம்பு அதனைக் காரமாக மாற்றிக் கொள்கிறது. பாக்ஸ்டரின் தீப்புண் கணக்கு இந்த நீருக்கு உரியதே.

மூன்றாவதுதான் உண்மையான குளுக்கோஸ் நீர். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அது தரும் ஆற்றல் ஏறத்தாழ 100 கலோரி. வீட்டில் அருந்தும் ஒரு கோப்பைச் சர்க்கரைப் பாலைவிட அது மிகுதியன்று. அதன் நீரும் குழாய்களில் தங்காமல் உடம்பெங்கும் பரவி விடுவதால், இரத்த அழுத்தம் வீழ்ந்தவரை அது தூக்கி நிறுத்தாது.

விலையுயர்ந்த பாட்டில்

தெளிநீர் கசிந்து போகிறதே, கசியாத கனமான நீரைச் செலுத்தினால் என்ன என்ற எண்ணம் தீயினாலும் போரினாலும் வளர்ந்தது. 1921இல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரத்துத் திரையரங்கில் தீப்பிடித்தபோது, கொப்புளத்து நீர் இரத்தத்தின் நீர்ப்பகுதியையே ஒத்திருப்பதை ஆண்டர்ஹில் என்பவர் கண்டார். 1942 நவம்பர் 28இல் பாஸ்டன் நகரத்துக் கேளிக்கை விடுதியொன்று எரிந்து 492 பேர் மாண்டபோது, பிழைத்தவர்களுக்குப் பிளாஸ்மா செலுத்தப்பட்டது. அக்காலத்திலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்து எட்வின் கோன் மனித இரத்தத்திலிருந்து ஆல்புமின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்திருந்தார். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தில் காயமுற்றோருக்கு அது தரப்பட்டது. பின்னர், மலிவான மாற்றாக, மாட்டெலும்பின் ஜெலட்டினாலும் மாவுப் பொருளாலும் ஆன நீர்கள் வந்தன.

இவற்றில் ஒரு லிட்டர் உப்புநீரின் மூன்று லிட்டருக்குச் சமம் என்று பாடநூல்கள் கூறின. விலை பன்மடங்காயினும் மருத்துவர் எழுதிக் கொடுத்தனர். உறவினர் நகையை அடகு வைத்தும் வாங்கித் தந்தனர். "விலை மிகுந்தது, ஆகவே உயர்ந்தது" என்பது நம் நெஞ்சில் வேரூன்றிய நம்பிக்கையாயிற்றே!

அந்நம்பிக்கையை ஆய்வு அசைத்தது. ஆல்புமின் சாவை மிகுவிக்கக் கூடும் என்று 1998இல் ஒரு தொகுப்பாய்வு எச்சரித்தது. உண்மையை அறிய, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த ஏறத்தாழ 7,000 பேர் இரு கூறாக்கப்பட்டு, ஒரு கூறுக்கு ஆல்புமினும் மறு கூறுக்குச் சலைனும் தரப்பட்டன. 2004இல் முடிவு வெளியாயிற்று. 28 நாட்களுக்குள் ஆல்புமின் பெற்றவர்களில் 726 பேரும், சலைன் பெற்றவர்களில் 729 பேரும் இறந்திருந்தனர். வேறுபாடே இல்லை. ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கும் பொய்த்தது. தேவைப்பட்டது ஏறத்தாழ 1.4 மடங்கே. தலையில் அடிபட்டவர்களுக்கு மட்டும் ஆல்புமின் தீங்கு செய்தது பின்னர் தெரிந்தது.

மாவுநீரின் கதை இன்னும் வருந்தத்தக்கது. அதற்குச் சார்பாக மிகுதியாக எழுதியவர் ஜெர்மானிய மருத்துவர் யோவாகிம் போல்ட். அவருடைய கட்டுரை ஒன்று 2010இல் திரும்பப் பெறப்பட்டது. 2011இல், உரிய ஒப்புதலின்றி ஆய்வு நடத்திய காரணத்தால், ஏறத்தாழ 90 கட்டுரைகள் திரும்பப் பெறப்படும் நிலை வந்தது. அறிவிப்பாளரின் நம்பகத்தை ஆராய்ந்த பின்னரே ஹதீஸை ஏற்ற முஹத்திஸ்களின் மரபை அறிந்த நமக்கு இதன் பாடம் புதிதன்று. ஒரு ராவி பழுதானவர் எனில் அவர் வழிவந்த அறிவிப்புகளை விலக்கி வைப்பதே முறை. ஆய்வாளரும் அவ்வாறே செய்தனர். 2013இல் போல்ட்டின் ஆய்வுகளை விலக்கிக் கணக்கிட்டபோது, மாவுநீர் சாவையும் சிறுநீரகக் கேட்டையும் மிகுவிப்பது வெளிப்பட்டது. 2012இல் வடநாட்டு ஐரோப்பியர் செய்த ஆய்வு இதற்கு வலுவான சான்று. நச்சுக்காய்ச்சலால் உடல் நிலை குலைந்த 798 பேரில், மாவுநீர் பெற்றவர்களில் 100க்கு 51 பேரும், ரிங்கர் வகை நீர் பெற்றவர்களில் 43 பேரும் 90 நாட்களுக்குள் இறந்திருந்தனர். தீப்புண்பட்டோருக்கும் தீவிர நோயாளிகளுக்கும் மாவுநீர் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013இல் தடுத்தது.

2018இல் காக்ரேன் அமைப்பு 69 ஆய்வுகளையும் 30,020 நோயாளிகளையும் ஒன்று சேர்த்துப் பார்த்தது. கனநீர்களால் உயிர் கூடுதலாகக் காக்கப்படுவதாகத் தெரியவில்லை என்பதே அதன் சாரம். ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்பது நம் குடும்பங்களுக்கு இயல்பு. 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு நெறிமுறை நச்சுக்காய்ச்சலுக்கு ஜெலட்டின் நீர் வேண்டாமென்றே பரிந்துரைப்பதால், அந்த ஐயத்துக்கும் பெரும்பாலும் இடமிராது.

சலைனா, ரிங்கரா?

தெளிநீரே போதும் எனில், அவ்விரண்டில் எது மேல்? சலைனில் மிகுந்துள்ள குளோரைடு இரத்தத்தைப் புளிக்கச் செய்து சிறுநீரகத்தை வருத்தும் என்ற ஐயம் இருந்தது. 2018இல் அமெரிக்காவில் 15,802 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், மரணமோ நீடித்த சிறுநீரகக் கேடோ நேர்ந்தவர் சலைன் பிரிவில் 100க்கு 15.4, ரிங்கர் போன்ற சமன்செய்த நீர் பிரிவில் 14.3. ஆனால் 2021இல் பிரேசிலிலும், 2022இல் ஆஸ்திரேலிய நாடுகளிலும் முடிந்த பெரிய ஆய்வுகள் மரணத்தில் உறுதியான வேறுபாட்டைக் காணவில்லை. எனவே, பொதுவாக ரிங்கர் வகை சற்று மேல். தலைக்காயத்துக்குச் சலைனே தக்கது என்ற அளவில் அறிஞர் ஒன்றுபடுகின்றனர். இரண்டும் மலிவானவை, எளிய அரசு மருத்துவமனையிலும் கிடைப்பவை.

அளவும் நினைவில் இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில், நச்சுக்காய்ச்சலால் இரத்த அழுத்தம் தாழ்ந்த 212 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. விரைந்து மிகுதியாக நீர் செலுத்தப்பட்டவர்களில் 100க்கு 48 பேர் இறந்தனர். வழக்கமான முறையில் பெற்றவர்களில் 33 பேர். தீப்புண்ணுக்கு 12 லிட்டர் மருந்தாகும் அதே நீர், நுரையீரலில் தேங்கினால் நஞ்சாகும். ஆகவேதான் நல்ல மருத்துவர் பாட்டிலை மட்டும் பார்ப்பதில்லை. சிறுநீரின் அளவையும் மூச்சையும் நாடியையும் மணிக்கு மணி பார்க்கிறார்.

பாட்டில் தீர்ந்த முகாம்

இவ்வரலாற்றின் மிக அழகிய அத்தியாயம் பாட்டில்கள் தீர்ந்து போன இடத்தில் எழுதப்பட்டது. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலிகள் பனகான் முகாமில் காலராவால் மடிந்தனர். கல்கத்தாவிலிருந்து சென்ற டாக்டர் திலீப் மஹலானபிஸ் கொண்டு சென்ற சிரைநீர் தீர்ந்து விட்டது. அவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றை நீரில் கரைத்துத் தாய்மாரிடமும் உறவினரிடமும் கொடுத்து, நோயாளிகளைக் குடிக்கச் செய்யச் சொன்னார். 100க்கு ஏறத்தாழ 30 என்றிருந்த மரணம் 4க்கும் கீழாயிற்று. டாக்கா ஆய்வகத்தில் முன்னரே நிறுவப்பட்டிருந்த உண்மை அங்கே மக்களின் கைக்கு வந்தது. இன்று மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வாரிசேயாகும்.

ஆகவே, குடிக்க முடிந்தவருக்கு வாயே சிறந்த வழி. களைப்புக்கும் சிறு காய்ச்சலுக்கும் "ஒரு பாட்டில் ஏற்றுங்கள்" என்று டாக்டரை நெருக்குவது காசுக்கும் கேடு. சில வேளை உடம்புக்கும் கேடு. உயிருக்குப் போராடும் நிலையிலோ, வெளியே வாங்கி வரச் சொல்லும் விலையுயர்ந்த பாட்டிலின் சீட்டு கைக்கு வந்தால், இதற்குப் பதில் சலைனோ ரிங்கரோ போதாதா, இது இந்நோய்க்கு ஏன் வேண்டும் என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்த சிலருக்கு ஆல்புமின் உண்மையிலேயே தேவைப்படும். அதனை மருத்துவர் விளக்குவார். வாங்க இயலாத குடும்பம் தன் நோயாளிக்குத் துரோகம் செய்து விட்டதாக மனம் புழுங்க வேண்டியதில்லை. எளிய உப்புநீரைப் பெற்றோரும், உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவமனைகளில், விலையுயர்ந்ததைப் பெற்றோருக்கு இணையாகவே பிழைத்திருக்கின்றனர்.

நம் மலையடிவாரத்துக்கு வேண்டியது விலையுயர்ந்த நீரன்று; விரைந்த நீர். பாதை இல்லாத மலைக்கிராமங்களிலிருந்து இன்னும் டோலி கட்டி நோயாளியைச் சுமந்து இறங்குகின்றனர். ஏலத்தோட்டத்தில் பாம்பு தீண்டியவருக்கும், பூச்சிமருந்து நெடியில் மயங்கியவருக்கும், தீயில் வெந்தவருக்கும் முதல் பாட்டில் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரியில்தான் கிடைக்கும் என்றிருத்தல் ஆகாது. அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, இரவு பகல் எந்நேரமும், சிரையில் ஊசி ஏற்றத் தெரிந்த ஒருவரும், பெட்டி நிறைய ரிங்கர் லாக்டேட்டும், 108 வண்டியும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கடையும் தோட்டமும் உடைய நம் செல்வர்கள் ஊர்ப் பெரியவர்களோடு கூடி அரசிடம் இதனைக் கேட்கலாம். மலைப்பாதை அமைவதற்குக் குரல் கொடுக்கலாம். லீத் நகரத்து மூதாட்டி இறந்தது மருந்து இல்லாமல் அன்று. அடுத்த பாட்டிலை ஏற்ற அருகில் ஆள் இல்லாமல்தான்.